பழைய டிஎஸ்எல்ஆரா, புது மாடலா? நெல்லையில் செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

தை பிறந்தால் திருநெல்வேலி பக்கம் ரெண்டு சீசன் ஒரே நேரத்தில் களைகட்டும். ஒன்று, கல்யாண முகூர்த்தம். இன்னொன்று, கூந்தன்குளம் உள்ளிட்ட குளங்களுக்கு வரும் பறவைகள். இந்த ரெண்டையும் நம்பி கேமரா வாங்கக் கிளம்பும் இளைஞர்கள் நிறைய பேர். கையில் இருக்கும் காசுக்கு புத்தம் புது கேமரா கட்டுப்படியாகாது. அதனால் தேடல் செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் பக்கம் திரும்புகிறது.

அங்கேதான் குழப்பமே ஆரம்பிக்கிறது. "அண்ணாச்சி, அது 2015 மாடல், இது 2017 மாடல். கொஞ்சம் கூடப் போட்டா புதுசே எடுத்துரலாம்லா?" என்பார் விற்பவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கேமராவில் இந்தக் கணக்கு எப்போதும் சரியாக வராது. புது மாடலில் சில வசதிகள் கூடும், சில வசதிகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். காணாமல் போனது உங்கள் தொழிலுக்குத் தேவையான ஒன்று என்றால்? நிறைய பேர் பேசும் நிக்கான் டி7200, டி7500 என்ற ரெண்டு கேமராக்களை வைத்தே இதைப் பார்க்கலாம்.

இப்போ ஏன் செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர்?

டிஎஸ்எல்ஆர் என்பது உள்ளே ஒரு கண்ணாடி வைத்த கேமரா. லென்ஸ் வழியாக வரும் காட்சியை அந்தக் கண்ணாடி திருப்பி, நம் கண்ணுக்குக் காட்டும். பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பும், படம் பதிவாகும். அந்தக் கண்ணாடியே இல்லாமல் வருவதுதான் மிரர்லெஸ் கேமரா.

பெரிய நிறுவனங்கள் இப்போது முழுக்க மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன. கேனானின் 850டி, நிக்கானின் டி780, டி6 ஆகியவை 2020ஆம் ஆண்டு வந்தவை. அதற்குப் பிறகு இந்த ரெண்டு நிறுவனங்களும் புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் கொண்டுவரவில்லை. தொழில்முறை போட்டோகிராபர்கள் பலர் மிரர்லெஸ் வாங்கிவிட்டு பழைய டிஎஸ்எல்ஆரை விற்கிறார்கள். அதனால் நல்ல கேமராக்கள் குறைந்த விலைக்கு சந்தைக்கு வருகின்றன. ஆனால் நல்லதோடு சேர்ந்து தேய்ந்ததும், நனைந்ததும் வருகின்றன என்பதை மறக்கக் கூடாது.

டி7200 Vs என்று போட்டி வைத்தால் டி7500இல் என்ன கூடியது?

டி7200 வந்தது 2015 மார்ச்சில். டி7500 வந்தது 2017 ஏப்ரலில். ரெண்டிலும் சென்சார் அளவு ஒன்றுதான். ஃபோகஸ் புள்ளிகளும் ரெண்டிலும் 51தான். ஷட்டர் வேகமும் ரெண்டிலும் நொடியில் 8,000இல் ஒரு பங்கு வரை போகும்.

டி7500இல் கூடியவை:

* தொடர்ச்சியாக எடுக்கும் வேகம்: டி7200இல் நொடிக்கு 6 படம், டி7500இல் 8 படம்.
* தொடர்ந்து எடுக்கும்போது திணறாமல் தாங்கும் ரா ஃபைல்கள்: டி7200இல் 18, டி7500இல் 50 (தரத்தை உச்சத்தில் வைத்தால்).
* வீடியோ: டி7200இல் ஃபுல் எச்டி மட்டும். டி7500இல் 4கே உண்டு.
* திரை: டி7200இல் அசையாத திரை. டி7500இல் மேலும் கீழும் சாய்க்கக்கூடிய டச் ஸ்கிரீன்.
* எடை: பேட்டரி, கார்டோடு டி7200 765 கிராம், டி7500 720 கிராம்.

சரி, குறைந்தது என்ன?

விற்பவர் வாயிலிருந்து பெரும்பாலும் வராத பட்டியல் இது.

* மெமரி கார்டு: டி7200இல் ரெண்டு கார்டு போடலாம். டி7500இல் ஒன்றே ஒன்றுதான்.
* மெகாபிக்சல்: டி7200இல் 24.2, டி7500இல் 20.9.
* பேட்டரி: ஒருமுறை சார்ஜ் செய்தால் டி7200இல் 1,110 படம், டி7500இல் 950 படம் என்பது நிறுவனம் தரும் கணக்கு.
* பேட்டரி கிரிப்: டி7200க்கு நிறுவனத்தின் கிரிப் உண்டு. டி7500க்குக் கிடையாது.
* பழைய லென்ஸ்: ஃபிலிம் காலத்து மேனுவல் லென்ஸ்களை டி7200இல் மாட்டினால் லைட் மீட்டர் வேலை செய்யும். டி7500இல் வேலை செய்யாது. வெளிச்சத்தை நாமே கணித்து வைக்க வேண்டும். அப்பா காலத்து ஸ்டூடியோ லென்ஸ் பீரோவில் கிடக்கிறது என்றால் இது முக்கியமான விஷயம்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. ஐஎஸ்ஓ, அதாவது குறைந்த வெளிச்சத்தில் எடுக்கும் திறன். டி7500 விளம்பரத்தில் 16,40,000 என்ற மலைக்க வைக்கும் எண் இருக்கும். அந்த அளவில் எடுத்த படம் வெறும் புள்ளிக் குப்பையாகத்தான் இருக்கும், கஸ்டமருக்குக் கொடுக்க முடியாது. நடைமுறையில் ரெண்டு கேமராவுக்கும் இருட்டில் உள்ள வித்தியாசம் கொஞ்சம்தான். அந்த எண்ணுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

கல்யாண வேலைக்கு எது?

விடிகாலை முகூர்த்தம். தாலி கட்டும் நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது. மாலையில் கம்ப்யூட்டரில் கார்டைப் போட்டால், "ஃபார்மட் செய்யவும்" என்று காட்டுகிறது. என்ன செய்வீர்கள்? தாலியை மறுபடியும் கட்டச் சொல்ல முடியாது. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்தக் குடும்பத்தின் வருத்தம் தீராது. ஊருக்குள் அடுத்த ஆர்டரும் கிடைக்காது.

இதற்குத்தான் ரெண்டு கார்டு. ஒவ்வொரு படமும் ரெண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைக்கலாம். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். டி7200இல் இந்த வசதி உண்டு. ரெண்டு வருஷம் கழித்து வந்த டி7500இல் இல்லை. ஒரே ஒரு கேமராவை வைத்துக் கல்யாணத்தில் போட்டோ எடுக்கப் போகிறவருக்கு, பழைய மாடலே பாதுகாப்பானது.

ஏற்கனவே டி7500 வாங்கிவிட்டீர்களா? பயப்பட வேண்டாம். ஒரே பெரிய கார்டில் எல்லாவற்றையும் எடுக்காமல், சின்னச் சின்ன கார்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். நிச்சயதார்த்தத்துக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று, ரிசப்ஷனுக்கு ஒன்று. முக்கியமான சடங்குகளை இன்னொரு கேமராவிலும் ஒருவர் எடுப்பது நல்லது.

கூந்தன்குளத்துக்கு எது?

இங்கே கணக்கு அப்படியே மாறுகிறது. நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, பூநாரை, வரித்தலை வாத்து என்று தேடிப்போய் எடுக்க ஆயிரம் விஷயம் இருக்கிறது. தாமிரபரணி பாசனக் குளங்களிலும் 2011 முதல் ஜனவரி மாதங்களில் நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. அதில் கலந்துகொள்ளும் மாணவர்களும் கேமராவோடு வருகிறார்கள்.

நாரை ஒன்று சிறகை விரித்துக் கூட்டில் இறங்குகிறது. எல்லாம் ரெண்டு மூன்று நொடிக்குள் முடிந்துவிடும். டி7200இல் உச்ச தரத்தில் ரா ஃபைலாக எடுத்தால் 18 படத்துக்குப் பிறகு கேமரா மூச்சு வாங்கும். டி7500 நொடிக்கு 8 படம் வீதம் ஆறு நொடி வரை விடாமல் எடுக்கும். பறவைக்குப் புது மாடல்தான் கை கொடுக்கும்.

மெகாபிக்சல் குறைவு என்பது இங்கே இடிக்குமா? பெரிதாக இல்லை. டி7200 படத்தின் அகலம் 6,000 பிக்சல். டி7500 படத்தின் அகலம் 5,568 பிக்சல். வித்தியாசம் 8 சதவீதம்கூட இல்லை. ஆல்பத்திலோ, செல்போனிலோ யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். தூரத்தில் இருக்கும் பறவையைக் கிட்ட கொண்டுவருவது கேமரா பாடி அல்ல, லென்ஸ். புது பாடியும் கிட் லென்ஸும் வைத்திருப்பவரைவிட, பழைய பாடியும் 200-500 எம்எம் லென்ஸும் வைத்திருப்பவர் நல்ல படத்தோடு திரும்புவார். இன்னொன்று, கூந்தன்குளத்தில் பறவைகள் வீட்டு மரங்களில் கூடு கட்டும். அவை மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கும் ஊர் அது. நல்ல ஷாட்டுக்காகக் கூட்டுக்குக் கிட்டப் போவதோ, பறவையைக் கிளப்பிவிடுவதோ கூடாது.

ரீல்ஸ், வீடியோதான் முக்கியம் என்றால்?

4கே இருப்பதால் டி7500 ஒரு படி மேல். ஆனித் தேரோட்டத்தில் ரதவீதிக் கூட்டத்துக்கு நடுவே கையைத் தூக்கி எடுக்க, சாயும் திரையும் உதவும். ஆனால் 4கே வைத்தால் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படும். சின்ன மண்டபத்தில் எல்லோரையும் அடக்குவது சிரமமாகும்.

பெரிய குறை வேறு. ரெண்டு கேமராவிலும் வீடியோ எடுக்கும்போது ஆட்டோ ஃபோகஸ் மெதுவாக, முன்னும் பின்னும் தேடித்தான் நிற்கும். ஆள் நடந்து வந்தால் ஃபோகஸ் தவறும். உங்கள் வேலையில் முக்கால்வாசி வீடியோ என்றால், இந்த ரெண்டையும் விட்டுவிட்டு செகண்ட் ஹேண்ட் மிரர்லெஸ் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

கேனானிலும் இதே கதைதான்!

700டி என்ற மாடல் வந்தது 2013இல். 1500டி வந்தது 2018இல். ஐந்து வருஷம் புதியது, நம்பரும் பெரியது. அப்படியென்றால் 1500டி மேலா?

1500டியில் 24.1 மெகாபிக்சல், வைஃபை உண்டு. 700டியில் 18 மெகாபிக்சல், வைஃபை கிடையாது. ஆனால் நொடிக்கு 5 படம் எடுக்கும் வேகம், திருப்பக்கூடிய டச் ஸ்கிரீன், வெளி மைக் மாட்டும் வசதி எல்லாம் இருப்பது பழைய 700டியில்தான். 1500டி நொடிக்கு 3 படம்தான் எடுக்கும். திரை அசையாது, டச் கிடையாது, மைக் மாட்டவும் வழியில்லை.

காரணம் எளிது. 700டி நடுத்தர வரிசை. 1500டி முதல்முறை கேமரா வாங்குபவருக்கான ஆரம்ப வரிசை. அதனால் எந்த வருஷம் வந்தது என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த வரிசையில் வந்தது என்று பாருங்கள்.

வெள்ளத்தில் நனைந்த கேமராவா?

மாடலை முடிவு செய்துவிட்டால் போதாது. உங்கள் கைக்கு வரப்போகும் அந்த ஒரு கேமராவின் கதை என்ன என்பதுதான் முக்கியம். நம்ம பகுதியில் இதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு, நெல்லை சந்திப்பு உட்பட பல இடங்களில் வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. மின்சாதனங்கள் பல நனைந்தன. நனைந்த கேமரா காய்ந்த பிறகு கொஞ்ச நாள் நன்றாகவே வேலை செய்யலாம். உள்ளே சர்க்யூட் அரிப்பு மெதுவாகத்தான் வெளியே தெரியும்.

கண்டுபிடிக்க வழி உண்டு:

* ஃபிளாஷ் மாட்டும் இடம், அடித்தட்டு ஸ்க்ரூ, லென்ஸ் மாட்டும் வளையம் ஆகியவற்றில் துரு இருக்கிறதா பாருங்கள்.
* பேட்டரி அறைக்குள் டார்ச் அடியுங்கள். உலோக முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் படிவு இருந்தால் வாங்க வேண்டாம்.
* வியூ ஃபைண்டருக்குள், திரைக்குள் நீராவி படிந்த தடம் இருக்கிறதா பாருங்கள்.
* ஈர வாடை, பூஞ்சை வாடை வருகிறதா என்று மோந்து பாருங்கள்.
* ஸ்க்ரூ தலைகளில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். எதற்கு என்று கேளுங்கள்.

லென்ஸையும் விடக் கூடாது. பின்பக்கமிருந்து செல்போன் டார்ச் அடித்து, முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை. குற்றாலச் சாரல், மலையடிவார ஈரம் எல்லாம் பூஞ்சைக்குப் பிடித்தவை. கொஞ்சம் தூசி பரவாயில்லை, பூஞ்சை வேண்டாம்.

ஷட்டர் கவுன்ட் என்றால் என்ன?

வண்டிக்கு கிலோமீட்டர் மாதிரி, கேமராவுக்கு ஷட்டர் கவுன்ட். இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற கணக்கு. டி7200, டி7500 ரெண்டின் ஷட்டரும் 1.5 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம் என்று வைத்தால், 75 கல்யாணத்தில் அந்த எண் வந்துவிடும். அதைத் தாண்டியதும் உடனே நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் ஷட்டர் மாற்றும் செலவை மனதில் வைத்து விலை பேச வேண்டும்.

இதனால் ஒரு விஷயம் புரியும். 1.4 லட்சம் ஓடிய டி7500ஐவிட, வீட்டில் ஆசைக்கு வைத்திருந்து 15 ஆயிரம் மட்டும் ஓடிய டி7200 நல்ல பொருள்.

எப்படிப் பார்ப்பது? நிக்கானில் ஒவ்வொரு படத்துக்குள்ளும் இந்த எண் பதிவாகும். அப்போதே எடுத்த ஒரு ஜேபெக் படத்தை வாங்கி, எக்ஸிஃப் தகவல் காட்டும் ஆப்பிலோ இணையதளத்திலோ போட்டால் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் அந்தத் தகவல் அழிந்துவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். கேனானில் பெரும்பாலான மாடல்கள் படத்துக்குள் இதை எழுதுவதில்லை. கேமராவைக் கம்ப்யூட்டரில் இணைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நேரில் போனால் 10 நிமிடத்தில் என்ன சோதிக்கலாம்?

* உங்கள் சொந்த மெமரி கார்டோடு போங்கள். ரெண்டு கார்டு கேமரா என்றால் ரெண்டு இடத்திலும் போட்டு, ரெண்டிலும் பதிவாகிறதா பாருங்கள்.
* வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எஃப் 16 வைத்து ஒரு படம் எடுங்கள். பெரிதாக்கினால் சென்சாரில் இருக்கும் தூசியும் கீறலும் கரும்புள்ளியாகத் தெரியும்.
* லென்ஸை மூடி வைத்து ஒரு படம். பளிச்சென்று வண்ணப் புள்ளிகள் நிறைய தெரிந்தால் சென்சாரில் கோளாறு.
* கிட்டே ஒன்று, தூரத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஃபோகஸ் வையுங்கள். கண்ணில் வைத்த இடத்திலேயே படம் கூர்மையாக இருக்கிறதா?
* தொடர்ச்சியாக 30, 40 படம் எடுங்கள். எல்லாவற்றிலும் வெளிச்சம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.
* எல்லா பட்டனையும், டயலையும், ஃபிளாஷையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.
* நிக்கான் மெனுவில் பேட்டரி இன்ஃபோ என்ற இடத்தில் பேட்டரியின் வயது 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் புது பேட்டரி வாங்க வேண்டும்.

பில் இல்லையென்றால் என்ன ஆகும்?

கேமராவின் அடியில் இருக்கும் சீரியல் நம்பரும், பில்லிலும் பெட்டியிலும் இருக்கும் நம்பரும் ஒத்துப்போக வேண்டும். "பில் தொலஞ்சு போச்சு, அதான் விலை கம்மி" என்றால் கவனம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆவது பிரிவின் கீழ் குற்றம். பில் இல்லாவிட்டால், விற்பவரின் அடையாள அட்டை நகலும் கையெழுத்துப் போட்ட விற்பனை ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். பொருளை நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம். ஆன்லைன் மோசடி நடந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

சர்வீஸ் பற்றியும் முன்கூட்டியே விசாரியுங்கள். அந்த மாடலுக்கு உதிரிபாகம் இன்னும் வருகிறதா? ஊரிலேயே சரி செய்வார்களா, வெளியூர் அனுப்பணுமா? முகூர்த்த மாதத்தில் கேமரா மூன்று வாரம் சர்வீஸில் கிடந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கடைசியாக, எதை வாங்கலாம்?

* கல்யாண போட்டோதான் வருமானம், ஒரே கேமராதான் என்றால்: ரெண்டு கார்டு உள்ள டி7200.
* பறவை, விளையாட்டு, கொஞ்சம் வீடியோவும் என்றால்: டி7500.
* பழைய மேனுவல் லென்ஸ்கள் கையில் இருக்கிறது என்றால்: டி7200.
* பெரும்பாலும் வீடியோதான் என்றால்: ரெண்டுமே வேண்டாம், மிரர்லெஸ் பாருங்கள்.
* ரெண்டில் எது குறைவாக ஓடியதோ, நனையாததோ, பில்லோடு இருக்கிறதோ, அதற்குத்தான் முதல் மார்க்.

இன்னமும் முடிவு வரவில்லையா? வாங்குவதற்கு முன்னால் அதே மாடலை ஒருநாள் வாடகைக்கு எடுத்து, தெரிந்தவர் வீட்டு விசேஷத்திலோ குளக்கரையிலோ பயன்படுத்திப் பாருங்கள். பாடியில் மிச்சமாகும் பணத்தில் நல்ல லென்ஸ் ஒன்றும், ரெண்டு தரமான மெமரி கார்டும், காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கி வையுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு அதுதான் கை கொடுக்கும்.